மேலே செராமிக், கீழே மெட்டல்: பல் கிளிப் போட்ட அனுபவம்

முப்பது வயதைத் தாண்டிய பிறகு பல்லுக்குக் கிளிப் போட்டேன். கழற்றிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது இரவில், பல் நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னர் மட்டும்தான்.

இரண்டு வரிசைக்கும், பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் கேட்டேன். டாக்டர் மேலே மட்டும்தான் ஒத்துக்கொண்டார். பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் குட்டித் துண்டுதான் பிராக்கெட். செராமிக் பிராக்கெட் பல்லின் வெளிப்படலமான எனாமலைவிடக் கடினம். கடிக்கும்போது மேல்பல் கீழ் பிராக்கெட்டில் உரசினால், தேய்வது பல்தான். எனக்கு மேல்பற்கள் கீழ்ப்பற்களை நன்றாக மூடும் கடி என்பதால் கீழே மெட்டல். அதில் வருத்தமே இல்லை. பல்லை நகர்த்துவது கம்பிதான், பிராக்கெட் வெறும் பிடிமானம். மெட்டல் விலையும் குறைவு, சட்டென்று உடையவும் உடையாது.

செராமிக்கில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை மஞ்சள். பிராக்கெட்டில் அவ்வளவாகக் கறை ஏறாது. கம்பியைக் கட்டும் குட்டி ரப்பர் வளையத்தில் ஏறும். ரப்பர் மாற்றிய அன்றே சாம்பார் சாப்பிட்டால், அடுத்த முறை போகும்வரை மஞ்சள் பல்வரிசைதான். வெளியே தெரியக் கூடாதென்று கூடுதல் பணம் கொடுத்தவருக்கு இது எரிச்சலாக இருக்காதா? மீன்குழம்பை ரப்பர் மாற்றுவதற்கு முந்தின நாளுக்குத் தள்ளிப்போடப் பழகிக்கொண்டேன். முறுக்கு, தட்டை, கரும்பு எல்லாவற்றுக்கும் விடுமுறை.

செல்ஃப் லைகேட்டிங் வகையில் இந்த ரப்பரே கிடையாது, சின்ன மூடி ஒன்று கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக வாங்கலாம். ‘சிகிச்சை சீக்கிரம் முடியும்’ என்பதற்காக வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல்லின் உள்பக்கம் ஒட்டும் லிங்குவலை விலை கேட்டதோடு விட்டுவிட்டேன்.

என் தங்கை அலைனர் போட்டாள், அதாவது கம்பி இல்லாமல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை. லேசான நெரிசல்தான், அதனால் சரியாக வந்தது. ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சூடான காபி குடிக்கக் கழற்ற வேண்டும், குடித்து முடித்துப் பல்லைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும். அவள் காபியையே குறைத்துவிட்டாள். எனக்கு அது நடக்காது. பல் பிடுங்கி இடைவெளியை மூடுவது, நன்றாகத் திரும்பிய கோரைப்பல்லை நேராக்குவது போன்ற வேலை இருந்தால், அலைனர் வேண்டாம், கம்பிதான் சரிவரும் என்று டாக்டர் சொல்லலாம். அப்போது அழகுக்காக அவரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அப்புறம் ரீட்டெய்னர். பல்லைச் சுற்றியுள்ள நார்கள் அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும், அதனால் இது வருடக்கணக்கில் தொடரும். தேயும், உடையும், தொலையும். பேசிய தொகையில் முதல் ரீட்டெய்னர் சேர்த்தியா, அடுத்ததற்கு எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.