காது மெஷின் வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்

மகனுக்கு இரண்டரை வயது. இரண்டு காதும் சரியாகக் கேட்காது என்று தெரிந்ததும், அரசு மருத்துவமனையில் முறை வரும்வரை பொறுக்காமல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்குப் போனோம். என் தப்பு அங்கேயே ஆரம்பம். 5,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஜோடி. அரை மணி நேரத்தில் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி மெஷின் பாயில் கிடந்தது. பேட்டரி மூடி திறந்திருந்தது, உள்ளே காலி. 13ஆம் எண் பேட்டரி, எட்டு மில்லிமீட்டர்கூட அகலமில்லை. வாயைத் திற என்றால் சிரிக்கிறான். விழுங்கிவிட்டானோ என்று அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மூக்கிலும் காதிலும் இல்லை. (மறுநாள் தாத்தாவின் சப்பாத்துக்குள் இருந்தது.)

பேட்டரி கசிந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். விழுங்கி உடம்புக்குள் ஈரத்தில் ஒட்டினால் மின்சாரம் ஓடி, அந்த இடத்திலேயே காரப்பொருள் (அல்கலி) உண்டாகிச் சதையை அரித்துவிடும். மூக்கில், காதில் போட்டுக்கொண்டாலும் அதே கதைதான்.

மருத்துவமனையில் இருந்த ஆடியோலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்) மெஷினை வாங்கி நகத்தால் ஒரு தட்டு தட்டினார், மூடி திறந்துகொண்டது. “சின்னப் பிள்ளைக்கு லாக் இல்லாம யாரும்மா கொடுத்தாங்க?” இதே மாடலுக்கே லாக் வைத்த மூடி உண்டாம். இங்கிலாந்தில் 2019லேயே, ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு லாக் உள்ளதைத்தான் தர வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. காதுக்கு அச்சு எடுக்காமல் பெரியவர்களுக்குப் போடும் ரப்பர் முனையை மாட்டியிருந்தார்கள். அது கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடலாம். சத்தமும் அதிகம். பிள்ளையின் காதுத் துவாரம் சின்னது, அதே சத்தம் அங்கே இன்னும் பலமாக விழும், அளந்துதான் வைக்க வேண்டும். குக்கர் விசிலடித்தால் அவன் மெஷினைப் பிடுங்கி எறிவான். அடம் என்று நினைத்து நான் அதட்டியிருக்கிறேன்.

கடையில் கேட்டேன். “லாக் வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே அக்கா” என்றான். பணமும் திரும்பத் தரவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம்.

இப்போது லாக் மூடி போட்டாயிற்று. அதைத் திறக்கும் குட்டிக் கருவி சாமி மேடையில், விளக்குக்குப் பின்னால் இருக்கிறது.