சிறை ஏகியவரும் வெடி வைத்தவரும்

தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நாம் அறப்போராட்டத்தைப் போற்றும் அளவுக்கு ஆயுதவழியைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் கிளர்ச்சி எது, புரட்சி எது என்பது விளங்கும்.

1913இல் நேட்டாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்திய நம் முன்னோர், ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்மீது ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்தார்கள். சத்தியாக்கிரகிகள் சட்டத்தை மீறினார்களே தவிர, தண்டனையை மறுக்கவில்லை. அவர்களுள் ஒருவராய்ச் சிறை சென்று அங்கே காய்ச்சல் கண்ட வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில், 16 வயதில் இறந்தார். அவ்வாண்டே வரி நீங்கியது. வரி விதித்த வெள்ளையர் அரசோ அப்படியே நின்றது. ஆள்வோருக்கு மனச்சான்று உண்டு என்று நம்பும் முறை அது.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், கறுப்பினத்தவர்மீதான அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களில் 69 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபின் அந்த நம்பிக்கை தளர்ந்தது. 1961 டிசம்பர் 16 அன்று தாக்குதலைத் தொடங்கிய, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கோண்டோ வெ சிஸ்வே, உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க எண்ணி, மின்கோபுரங்களையும் அரசு அலுவலகங்களையுமே குறிவைத்தது. அது மறுத்தது ஒரு வரியை அன்று, அரசின் ஆளும் உரிமையையே. தர்க்கத்தில் இதுவே முழுமையானது என்பது என் கருத்து (கோயில் கூட்டத்தில் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்). ஆயினும் 1985இல் டர்பனுக்குத் தெற்கே, அமன்சிம்தோட்டிக் கடைவளாகத்தில் அப்பிரிவைச் சேர்ந்தவர் வைத்து வெடித்த குண்டு குழந்தைகள் உட்பட 5 பேரைக் கொன்றபோது, பகைவர் யார் என்ற கேள்விக்கு அத்தர்க்கத்திடம் விடை இருக்கவில்லை.