கடைக்கு கியூஆர் போதுமா, ஸ்வைப் மெஷினும் வாங்கணுமா?

மளிகை, பேக்கரி, ஃபேன்சி ஸ்டோர் மாதிரி கடைன்னா என் ஓட்டு கியூஆர் ப்ளஸ் சவுண்ட்பாக்ஸுக்குத்தான் (பணம் வந்ததும் தொகைய சத்தமா சொல்ற பெட்டி). 2020 ஜனவரில இருந்து யுபிஐக்கு எம்டிஆர் (பேமெண்டுக்கு கடைக்காரர்கிட்ட பிடிக்கிற கமிஷன்) கிடையாது, கஸ்டமர் தன் பேங்க் அக்கவுண்ட்ல இருந்து 500 ரூபா போட்டா 500ம் முழுசா நமக்கு வரும். கார்டுல அப்படி இல்ல. டெபிட் கார்டுன்னா வருஷ வியாபாரம் 20 லட்சம் வரைக்கும் உள்ள கடைக்கு அதிகபட்சம் 0.40 சதவீதம், பெரிய கடைக்கு 0.90னு ரிசர்வ் பேங்க் வரம்பு வச்சிருக்கு (ரூபே டெபிட் மட்டும் ஃப்ரீ), கிரெடிட் கார்டுக்கு அந்த வரம்பே இல்ல, 2 சதவீதம் பக்கம் போயிடும், அரிசி பருப்புல நிக்கிற லாபத்துக்கு இது கட்டுபடி ஆகாது.

ஆனா பாக்ஸ் இல்லாம வெறும் ஸ்டிக்கர மட்டும் ஒட்டிட்டு உக்காராதீங்க. சாயங்காலம் கூட்டத்துல 540 ரூபா பில்லுக்கு ஒருத்தர் 54னு அடிச்சுட்டு பச்சை டிக்க காட்டிட்டு நகர்ந்துடுவாரு, தெரியாமலும் நடக்கும் தெரிஞ்சேவும் நடக்கும், போலி ஸ்கிரீன்ஷாட் கேஸ் வேற. பாக்ஸ் "ஐம்பத்தி நாலு ரூபாய்"னு கத்துனா படிக்கட்டு எறங்குறதுக்குள்ள "அண்ணே ஒரு நிமிஷம்"னு கூப்பிட்டுடலாம். வாடகை உண்டு, வியாபாரம் இல்லாத மாசமும் பிடிப்பாங்களான்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

மெஷின் எங்க ஜெயிக்குதுன்னா வேகத்துல. 5000 வரைக்கும் பின் கூட வேணாம், கார்ட மெஷின்ல தட்டுனா முடிஞ்சுது, கஸ்டமர் ஃபோன்ல நெட் இருக்கா இல்லையாங்கிற கவலையே இல்ல, பேஸ்மெண்ட்ல கடை வச்சிருக்கவங்களுக்கு இதோட அருமை புரியும். 2025ல மார்ச் 26, ஏப்ரல் 12னு நாடு முழுக்க யுபிஐ படுத்துச்சு, அந்த மாதிரி நாள்ல கியூஆர் மட்டும் வச்சிருந்தா சில்லறைதான் தேடணும். இப்ப வர்ற ஆண்ட்ராய்டு மெஷின்ல பில் தொகையோடவே கியூஆர் திரையில வந்துடுது, 54 கதை அங்க நடக்காது.

மொபைல் கடை, ஃப்ரிட்ஜ் வாஷிங்மெஷின் கடைன்னா யோசிக்கவே வேணாம், இஎம்ஐ கேட்டு வர்றவங்களுக்காகவே மெஷின் வேணும், அதுவும் இல்லாம யுபிஐல பொதுவா ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் போகும். என்ன, மெஷின வாங்கி வச்சுட்டு "கார்டுக்கு 2% எக்ஸ்ட்ரா"னு போர்டு மாட்டுனீங்கன்னா வர்றவரு பக்கத்து கடைக்கு போயிடுவாரு, மெஷின் வாடகை மட்டும் மாசாமாசம் போயிட்டு இருக்கும்.