பூர்வீக வீடு: விற்பதா, குத்தகைக்கு விடுவதா?

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் பாட்டன் கட்டிய வீடு, கழுத்துவரை கடன், சென்னையில் பிடிக்காத வேலை. என்ன செய்வது?

விற்றால் வட்டி அன்றோடு நிற்கும், வேலையை உதறத் தைரியமும் வரும். ஆனால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவரிடம் பவர் (அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். முழு வீட்டுக்கு ஆள் வராவிட்டால் பிரித்துத்தான் விற்பார்கள். பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேரும். அப்புறம் வரி. பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 நிலவர மதிப்பைக் கழித்து, மிச்ச லாபத்துக்குப் பொதுவாக 12.5 சதவீதம். அந்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் விலக்கு கேட்கலாம். கடன் அடைத்ததற்குக் கிடையாது. பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

குத்தகை என்றால் ஓட்டல்காரர்கள், சினிமா ஷூட்டிங். பங்காளிகள் சம்மதம் இதற்கும் வேண்டும். வீடு நிற்கும், பணம் சொட்டுச் சொட்டாக வரும். ஓடு ஒழுகினால் யார் செலவு, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாளில் வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி) யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

நாளுக்கு நாள் ஏறும் மீட்டர் வட்டி என்றால் யோசிக்காமல் விற்கலாம். வங்கிக் கடன் என்றால் குத்தகைதான் என் கட்சி. வேலை கசக்கிறது என்பதற்காக மட்டும் விற்பது, சரி, அதற்கு முதலில் வேறு வேலை தேடலாமே.