புதுப்பிப்பதா, மாற்றுவதா? பழைய ஸ்போர்ட்-டூரிங் பைக்கின் பாகங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பயன்படுத்திய ஸ்போர்ட்-டூரிங் பைக் (வேகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஏற்றது) ஒன்றை வாங்கி, அதில் ஆஃப்டர்மார்க்கெட் (வேறு நிறுவனம் தயாரித்த மாற்று) ஷாக் அப்சார்பரைப் பொருத்தியவர் "வண்டியே மாறிவிட்டது" என்று சொல்லும்போது, அவர் எதை எதோடு ஒப்பிடுகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 60,000 கிலோமீட்டர் ஓடித் தளர்ந்துபோன ஒரிஜினல் பாகத்தை, அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த புதிய பாகத்தோடு அவர் ஒப்பிடுகிறார். அந்தப் போட்டியில் எந்தப் புதிய பாகமும் வென்றுவிடும். ஒரிஜினல் பாகத்தையே சீர்செய்து புதுப்பித்தால் கிடைப்பது என்ன, அதற்கு மேல் மாற்றுப் பாகம் தருவது என்ன என்ற கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு மிகவும் சிக்கலாவது, முன்சக்கரத்தைத் தாங்கி ஸ்பிரிங்கோடும் எண்ணெயோடும் இயங்கும் முன் ஃபோர்க்கில்தான். ஸ்பிரிங்கின் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்குவதையே டாம்பிங் என்கிறார்கள். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் டாம்பிங் ராடு வகை ஃபோர்க்கும், விலை கூடியவற்றில், எண்ணெய் ஓட்டத்தை வால்வுகளால் கட்டுப்படுத்தும் கார்ட்ரிட்ஜ் வகையும் இருக்கும். டாம்பிங் ராடு வகையில் எண்ணெய் நிலையான துளைகள் வழியாகப் பாய்வதால், தடுப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஃபோர்க் மெதுவாக அசையும்போது, அதாவது பிரேக் பிடிக்கையில், தடுப்பு போதாமல் முன்பகுதி அமிழ்கிறது. கூர்மையான பள்ளத்தில் அதே ஃபோர்க் இரும்புக்கம்பியைப் போல் இறுகிக் கையை உதறுகிறது. எண்ணெயையும் சீலையும் எத்தனை முறை மாற்றினாலும் வடிவமைப்பில் உள்ள இந்தக் குறை போகாது. ஆகவே இங்கே மாற்றுப் பாகத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. ராடின் துளைகளைப் பெரிதாக்கி, அதன் தலையில் ஸ்பிரிங்கோடு கூடிய வால்வை உட்கார வைக்கும் எமுலேட்டர் குறைந்த செலவில் பெரும்பகுதி பயனைத் தந்துவிடுகிறது. முழு கார்ட்ரிட்ஜ் கிட்டின் விலை அதைப்போல் பல மடங்கு. பந்தயத் தடத்துக்குப் போகாதவர் அந்த வேறுபாட்டை உணர்வாரா என்பது எனக்குச் சந்தேகம். மாறாக, ஃபோர்க் ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் வகையாக இருந்தால், எண்ணெய், சீல், புஷ் ஆகியவற்றை மாற்றி, ஓட்டுநரின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கைப் போடுவதே போதுமானது.

ஸ்பிரிங்கிலும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரே சீரான விறைப்புள்ள லீனியர் ஸ்பிரிங் ஒன்று. அமுங்க அமுங்க விறைப்புக் கூடும் புரோகிரசிவ் ஸ்பிரிங் மற்றொன்று. டாம்பிங்கை ஏதேனும் ஒரு விறைப்புக்குத்தான் சரியாகப் பொருத்த முடியும் என்பதால் நான் லீனியர் பக்கம் நிற்கிறேன். தனியாகவும், பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டும் ஓட்டுபவருக்குப் புரோகிரசிவ் நல்லது என்று சொல்வார்கள். ஆனால் பின்னிருப்பவரின் எடையும் பெட்டிகளின் எடையும் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் இறங்குகின்றன என்பதால் முன் ஃபோர்க்குக்கு அந்த வாதம் வலுவாகப் பொருந்துவதில்லை. எதை வாங்குவதற்கு முன்பும், ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துவிட வேண்டும். சாலைப் பயன்பாட்டுக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை சரியான அளவு. பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) முழுவதையும் ஏற்றிய பிறகும் 50-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் மென்மையானது என்று பொருள்.

பின் ஷாக்கைப் பொறுத்தவரை, தொழிற்சாலையில் இருந்து வருபவற்றில் பல பிரித்துச் சீர்செய்வதற்காக உருவாக்கப்பட்டவை அல்ல. ஆயினும் சஸ்பென்ஷன் வேலையில் தேர்ந்த பட்டறைகளில் அவற்றைத் திறந்து, நைட்ரஜன் ஏற்றுவதற்கான வால்வைப் பொருத்தி, எண்ணெயையும் சீலையும் புதுப்பித்துத் தருகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே வேலையை மீண்டும் செய்துகொள்ளலாம். ஓலின்ஸ், வில்பர்ஸ், நைட்ரான் போன்ற நிறுவனங்களின் ஷாக்கை எடைக்கேற்ற ஸ்பிரிங்கோடு வாங்கினால் டாம்பிங்கின் நுணுக்கம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்குபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பல ஸ்போர்ட்-டூரிங் பைக்குகளில் பிரீலோடைக் கையால் திருகும் ஹைட்ராலிக் குமிழ் ஒரிஜினலாகவே வருகிறது. விலை குறைந்த மாற்று ஷாக்குகளில் அது இருப்பதில்லை. தனியாகப் புறப்பட்டு வழியில் ஒருவரை ஏற்றிக்கொள்ளும் டூரிங் ஓட்டுநருக்கு ஷாக் அமுங்கும்போதான தடுப்பை இருபது கிளிக்குகளில் மாற்றும் கம்ப்ரஷன் அமைப்பைவிட அந்தக் குமிழ் பயன் மிக்கது. அதை இழந்து பெறும் "மேம்பாடு" உண்மையில் பின்னடைவு.

அடுத்து, எஞ்சினால் உண்டாகும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர். இது பளபளக்காத பாகம் என்பதால் யாரும் படம் எடுத்துக் காட்டுவதில்லை. நெடுந்தூரத்தில் பைக்கை நடுவழியில் நிறுத்துவதோ பல நேரங்களில் இதுதான். பழைய மாடல்கள் பலவற்றில் ஷன்ட் வகை ரெகுலேட்டர் இருக்கும். தேவைக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை அது ஷார்ட் செய்து, மின்சாரத்தை உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டருக்கே திருப்பிவிடுகிறது. ஆகவே ஸ்டேட்டர் எப்போதும் முழுச் சுமையில் சூடாகவே இயங்குகிறது. மின்சாரத்தைச் சேமிப்பதாக எண்ணி எல்இடி விளக்குகளுக்கு மாறியவர், இவ்வகை அமைப்பில் ஸ்டேட்டருக்கு எந்த நிம்மதியும் தரவில்லை. விளக்கில் எரியாதது திரும்பி வந்து சுருளில்தான் எரிகிறது. இங்கே போட்டி மூன்று முனைகளில் நடக்கிறது. ஒரிஜினல் மாதிரியையே புதிதாக வாங்கினால் பழைய பிரச்சினையும் கூடவே வருகிறது. ஷிண்டெங்கன் எஃப்எச்020 போன்ற மாஸ்ஃபெட் (ஒரு வகை மின்னணு சுவிட்ச்) ஷன்ட் வகை, தன்னளவில் குறைவாகச் சூடாகும், ஆனால் ஸ்டேட்டரின் சுமை அப்படியே இருக்கும். எஸ்எச்847 போன்ற சீரீஸ் வகை, தேவையற்றபோது சுற்றையே திறந்துவிடுவதால் ஸ்டேட்டரும் குளிர்ச்சியாக இருக்கிறது. பணம் ஒரு பாகத்துக்கு மட்டும் இருக்குமானால் சீரீஸ் வகைக்கே கொடுப்பேன். எதைப் போட்டாலும், ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களின் கனெக்டர் பழுப்பேறி உருகியிருந்தால், அதை வெட்டி எறிந்து புதியதைப் போடாமல் வேலை முடியாது.

பிரேக்கில் கணக்கு எளிது. பழைய ரப்பர் ஹோஸை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், ஸ்டீல் பின்னல் ஹோஸ் பல நேரங்களில் ஒரிஜினலைவிட விலை குறைவாகவே அமைகிறது. லீவரின் உறுதியும் கூடுகிறது. பழைய ஹோண்டா விஎஃப்ஆர்800 போல, லீவரும் பெடலும் இரு சக்கரங்களையும் இயக்கும் இணைப்பு பிரேக் உள்ள வண்டிகளில் மட்டும் ஹோஸ்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஹோஸ்களுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் வரிசையையும் சர்வீஸ் மானுவல்படி பின்பற்ற வேண்டும். பேட் விஷயத்தில் எச்எச் என்ற உராய்வுக் குறியீட்டைப் பெரிய மேம்பாடாக விற்கிறார்கள். கழற்றிய ஒரிஜினல் பேடின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பல நேரங்களில் அதே எழுத்துகள் அங்கும் இருக்கும்.

சைலன்சரை மட்டும் மாற்றுவதில் எடை சில கிலோ குறையும், ஒலி மாறும். பவர் குறிப்பிடும்படி கூடாது. முதல் மணி நேரத்தில் இனிக்கும் ஒலி ஆறாவது மணி நேரத்தில் தலைவலியாகிறது. சில மாடல்களில் சென்டர் ஸ்டாண்டின் நிறுத்தக் கட்டை பழைய சைலன்சரோடு இணைந்தே வருவதால், அதைக் கழற்றினால் ஸ்டாண்டும் போய்விடுகிறது.

விண்ட்ஸ்கிரீனில் உயரமானது சிறந்தது என்ற எண்ணமே பலரை ஏமாற்றுகிறது. ஹெல்மெட்டை ஆட்டுவது கண்ணாடியின் மேல்விளிம்பில் பிரியும் சுழல்காற்று. கண்ணாடியை உயர்த்தும்போது அந்தச் சுழல் மார்பிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து நெற்றிக்கும் இடம் மாறுகிறது. உயரமான கண்ணாடியைவிட, ஒரிஜினலின் மேல்விளிம்பில் கவ்விப் பொருத்தும் சிறிய, சாய்வு மாற்றத்தக்க துணைத்தகடு மலிவானது, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசரும் இதே வகையில் நல்ல முதலீடுதான். ஆனால் 20 மில்லிமீட்டருக்கு மேல் போகும்போது, இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆக்சிலரேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகின்றனவா என்று எஞ்சின் ஓடும் நிலையிலேயே பார்க்க வேண்டும். கேபிள் இழுபட்டால் எஞ்சினின் ஒலியே உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.