கவரைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்: வீட்டுக் கடனை அடைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பதினான்கு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக் கடனில் மிச்சம் இருந்ததை ஒரே தடவையாகக் கட்டி முடித்தேன். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் எதுவும் இல்லை. அன்றைக்கே பாக்கி ஏதும் இல்லை என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். அதுவரை எல்லாம் சுமுகம்தான்.

"பத்திரமெல்லாம் சென்ட்ரல் ஸ்டோர்ல இருக்கு சார். எழுதிப் போட்டாச்சு, வந்ததும் மெசேஜ் வரும்" என்றார் கடன் பிரிவில் இருந்த தம்பி. சரி என்று வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் கடன் வாங்கியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வங்கியால் தாமதம் ஆனால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வங்கிகளுக்கு மட்டுமல்ல, வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

எனக்குக் குறுஞ்செய்தி வந்தது 40ஆம் நாள். மறுநாள் மதியம் போனேன். நல்ல கூட்டம். பழுப்பு நிறக் கவர் ஒன்று, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் என் கடன் கணக்கு எண். கூடவே ஒரு படிவம்: 'மேற்கண்ட அசல் ஆவணங்கள் அனைத்தையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' மேலே பார்த்தால் வெறும் கட்டம், பட்டியல் எதுவும் இல்லை. கேட்டேன். "அத நாங்க டைப் பண்ணி ஒட்டிக்கறோம் சார்." தேதி எழுதப் போனேன். "தேதி வேண்டாம் சார், நாங்க போட்டுக்கறோம்." மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்தவன்தான் நான், ஆபீஸில் நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. இருந்தும் போட்டேன். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது கவுண்டரில் டேப்பைப் பிய்த்துப் பக்கம் எண்ண ஒரு கூச்சம்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் பரப்பினேன். கிரையப் பத்திரம் இருந்தது, சார்பதிவாளர் முத்திரையோடு, பக்கம் குறையாமல். ஆனால் ஃபைலில் கோர்ப்பதற்காக முத்திரைத் தாளின் குறுக்கே, எழுத்தின் மேலேயே இரண்டு ஓட்டை. வரைபட அனுமதி மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. தாய்ப் பத்திரம் (எனக்கு முன்னால் சொத்தை வைத்திருந்தவரின் பத்திரம்) இருக்க வேண்டிய இடத்தில் அதன் ஜெராக்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில், வட்டாட்சியர் முத்திரையோடு ஒரு வாரிசுச் சான்றிதழ், அசல். அதில் இருந்த பெயர்களை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

தாய்ப் பத்திரம்தானே, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால் நகல் கிடைக்குமே என்று நினைக்கலாம். கிடைக்கும். ஆனால் நாளைக்கு வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது "அசல் எங்கே?" என்றுதான். வேறு எங்கேயோ அடமானத்தில் இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் விலை இறங்கும், இல்லை ஆளே திரும்பிப் போய்விடுவார். காணவில்லை என்று போலீஸில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று, பத்திரிகையில் விளம்பரம் என்று ஒரு பெரிய அலைச்சல் அதற்குப் பின்னால் இருக்கிறது.

மறுநாள் மேலாளரிடம் போனேன். அவர் ஒரே வரியில் முடித்தார். "எல்லாத்தையும் வாங்கிட்டேன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்திருக்கீங்க?" படிவத்தை எடுத்துக் காட்டினார். காலியாக இருந்த கட்டத்தில் ஏழு ஆவணங்களின் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. கீழே தேதி. அதைப் பார்த்ததும்தான் தலை சுற்றியது. கடன் அடைந்த 29ஆம் நாள். நான் போனதற்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி.

என்னைக் காப்பாற்றியது என் மனைவியின் பழைய ஃபைல். கடன் வாங்கியபோது, பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆவணம் பதிவு செய்தோம். எம்ஓடி என்பார்கள். ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியல் அதிலேயே இருக்கிறது. நான்காவது வரி: தாய்ப் பத்திரம், ஆவண எண், ஆண்டு, அசல். வங்கியும் கையெழுத்துப் போட்டுப் பதிவான காகிதம் அது, இல்லை என்று சொல்ல முடியாது. இதன் நகலைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். வந்த பதில்: 'ஆவணம் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது, தேடி வருகிறோம்.' இரண்டு வாரம் கழித்து, 'தொலைந்ததாகக் கருதி நகல் பெற்றுத் தருகிறோம்' என்று இன்னொரு மெயில். இந்தப் பல்டிக்கும் காரணம் இருக்கிறது. ஆவணம் தொலைந்தாலோ சேதமானாலோ, நகல் எடுக்கும் செலவை வங்கியே ஏற்று உதவ வேண்டும். அதற்காக அவர்களுக்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. 60 நாளுக்குப் பிறகுதான் இழப்பீடு ஓட ஆரம்பிக்கும். தொலையவில்லை என்றால் 31ஆம் நாளிலிருந்தே ஓடும். இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த வாரிசுச் சான்றிதழையும் உடனே கொடுக்கச் சொன்னார்கள். 'எங்கள் கிளையிலிருந்து தவறுதலாக வந்தது, பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்றேன். அப்புறம்தான் வேலை நகர்ந்தது. 93ஆம் நாள் என் தாய்ப் பத்திரம் கிடைத்தது, அந்தச் சான்றிதழுக்குச் சொந்தக்காரரின் கவரில். இரண்டு பேர் கணக்கு எண்ணிலும் கடைசி இரண்டு இலக்கம் முன்பின்னாக இருக்கிறது, அவ்வளவுதான். அவரும் என்னைப்போலவே கையெழுத்துப் போட்டுவிட்டு, கவரைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டாராம்.

பத்திரம் வந்த கையோடு இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அடமானம் அப்படியே நிற்கிறது! கடன் அடைந்துவிட்டது என்று வங்கி ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றில் அந்த வரி தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கிளையில் கேட்டால் "அது கஸ்டமர் பாத்துக்கணும்" என்கிறார்கள். சொத்தின் மேல் பதிவு செய்த பாத்தியதையை அதே 30 நாளுக்குள் நீக்க வேண்டும் என்று அதே உத்தரவில்தான் இருக்கிறது. செர்சாய் (அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவேடு) பதிவையும், சிபிலில் கடன் மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பத்திரம் வாங்கப் போகும்போது எம்ஓடி நகலோடு போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். கவுண்டரிலேயே கவரைப் பிரியுங்கள். பக்கம் பக்கமாக எண்ணுங்கள், பின்பக்கம் முத்திரை, கைரேகை எல்லாம் பாருங்கள். கூட்டம் முறைக்கட்டும். தேதியை உங்கள் கையாலேயே எழுதி, படிவத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் படிவத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பத்திரத்தை லேமினேட் செய்ய மட்டும் கொண்டு போகாதீர்கள். பத்திரம் போலியா அசலா என்று பார்ப்பவர்கள் தாளைத் தொட்டு, முத்திரையைத் தடவித்தான் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் பிரிக்கவும் முடியாது. ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, அசலை லாக்கரில் வைத்திருக்கிறேன் (வேறு வங்கியில்தான்). லாக்கரில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் பொதுவாகப் பொறுப்பில்லை. அதனால் கீழ் வரிசையில் கொடுத்த லாக்கரை மாற்றி மேல் வரிசை கேட்டு வாங்கினேன்.

இழப்பீடு? 63 நாள், 3,15,000 ரூபாய் என்பது என் கணக்கு. 29ஆம் நாளே கொடுத்தாகிவிட்டது, ஒன்றும் கிடையாது என்பது அவர்கள் கணக்கு. 'உங்கள் ஆவணங்கள் கிளைக்கு வந்துள்ளன' என்று 40ஆம் நாள் அவர்களே அனுப்பிய குறுஞ்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அதையும் சேர்த்து ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) மனுப் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.