மின்வலை அறுந்தால்: தண்டை இறக்குவதா, நீராவியைத் திருப்புவதா?

லோட் ஷெடிங் அட்டவணையைப் பார்த்து உலை வைத்துப் பழகிய டர்பன்காரர்களுக்கு, மின்வலை தள்ளாடுவது புதிதில்லை. அந்த வலையில் ஒரு சிறு அணுஉலையைக் கோத்தால், சுமை நொடியில் கழன்றுபோகும்போது ஆற்றலை எப்படி இறக்குவது?

முழு ஸ்க்ராம் (உலையை உடனே அணைக்கும் அவசர நிறுத்தம்) எளிது. நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் சுமார் 2 நொடியில் விழும். ஆனால் அயோடின்-135 (அரைவாழ்வு 6.6 மணி) சிதைந்து செனான்-135 குவியும்; அதுவும் நியூட்ரான்களை விழுங்கும். அதை மீறும் அளவுக்குக் கையிருப்பு வினைத்திறன் (தொடர்வினையை முடுக்கும் திறன்) இல்லாத உலை ஒரு நாள்வரைகூட முடங்கும். வலைக்கு மின்சாரம் அவசரமாகத் தேவைப்படுவதும் அப்போதுதான்.

நீரழுத்த உலையில் நல்ல மாற்று, நீராவியை டர்பைனைத் தாண்டி நேரே கண்டென்சருக்கு (நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலன்) திருப்பும் பைபாஸ். அது அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள, தண்டுகள் மெல்ல இறங்கும். உலை சொந்தத் தேவைக்கான சில சதவீத மின்சாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். பைபாஸ் முழு நீராவியையும் ஏற்காவிட்டால், முன்பே தேர்ந்த சில தண்டுகளை மட்டும் விழவிடலாம். ஏபி1000 என்ற நீரழுத்த உலை வடிவமைப்பு 50%க்கு மேல் சுமை போனால் இதைத்தான் செய்கிறது. விழும் தண்டுகள் சமச்சீராக இல்லாவிட்டால் உள்ளகத்தின் ஒரு பக்கம் சூடேறும்.

பைபாஸ் எங்கே சறுக்கும்? டர்பைனும் சேர்ந்து நின்றால் குளிர்நீர் பம்புகளுக்கு மின்சாரம் இல்லை, கண்டென்சரின் வெற்றிடம் போகும், வால்வுகள் பூட்டிக்கொள்ளும். வால்வு திறந்தே சிக்கினால் இன்னும் மோசம்: குளிர்விநீர் மிகையாகக் குளிர்ந்து வினைத்திறன் ஏறும், இறக்க வந்த ஆற்றல் எகிறும். குளிர்விநீரில் கரைத்து நியூட்ரான்களை விழுங்கவைக்கும் போரான் இந்த வேகத்துக்கு ஆகாது.

2010இல் அரசு நிதி நின்றுபோன நம் தென்னாப்பிரிக்கக் கூழாங்கல் உலையின் (உருண்டை எரிபொருள், ஹீலியக் குளிர்விப்பு; 400 மெகாவாட் வெப்பம்) வடிவமைப்பு வேறு வழியில் போனது. ஹீலியத்தைத் தொட்டிகளுக்கு இழுத்தால் அழுத்தத்தோடு ஆற்றலும் குறையும். வெப்பநிலை பெரிதாக மாறாது என்பதால் உலோகத்துக்கு நோவில்லை. ஆனால் இதற்கு நிமிடங்கள் பிடிக்கும். சுமை இழந்த டர்பைன் மிகைவேகம் எடுப்பதைத் தடுக்க முதலில் வாயு பைபாஸே திறக்க வேண்டும், அது வெப்பமீட்பியை (வெளியேறும் வாயுவின் வெப்பத்தை மீட்கும் கருவி) படுத்தினாலும். என் ஓட்டு இந்த வரிசைக்கே.

சீனாவின் 10 மெகாவாட் எச்டிஆர்-10 என்ற கூழாங்கல் சோதனை உலையில் தண்டுகளை இறக்காமல் ஹீலியம் ஊதியை நிறுத்தியபோது, எரிபொருள் சூடேறி ஆற்றல் தானே சரிந்தது. ஆனால் உள்ளகம் குளிர்ந்து செனானும் கரைந்தால் உலை மீண்டும் உயிர்பெறும். அதற்குள் தண்டுகளை உள்ளே இறக்கியிருக்க வேண்டும்.